மூக்குப் பாறைக்கு அந்தப் பக்கம்

வரமாட்டாங்க. எனக்குத் தெரியும், இந்தத் தடவையும் வரமாட்டாங்க. மணி ஒன்பது அம்பத்திரண்டு. இன்னும் எட்டு நிமிஷத்துல சைரன் அடிக்கும். மேலே இருக்கிற பனி ஏரி உடைஞ்சா எப்படி ஓடி வரணுமோ அப்படியே ஊர் மொத்தமும் மூட்டை முடிச்சோட இந்த மேட்டு உருளைக்கிழங்குத் தோட்டத்துக்கு ஏறி வரணும், அதான் ஒத்திகை, மாசத்துக்கு ஒரு தடவை. எல்லாரும் வருவாங்க, அந்த ரெண்டு வீடு மட்டும் வராது. ஆத்து ஓரமா, நான் மூக்குப் பாறைன்னு பேர் வச்சிருக்கிற அந்தப் பெரிய பாறையைத் தாண்டினா இருக்கே, அந்த ரெண்டு வீடு. இங்கேருந்து பாத்தா கூரை தெரியாது, அடுப்புப் புகை மட்டும் தெரியும். பாறை குறுக்கே நிக்கிறதால சைரன் சத்தம் அங்கே போகாது, அதுக்குத்தானே வீட்டுக்கொரு ஃபோன் குடுத்து, ஆபத்துன்னா மெஷினே தானா கூப்பிடுற மாதிரி வச்சிருக்கோம். கூப்பிட்டாலும் வரமாட்டேங்குறாங்களே, அதை என்னன்னு சொல்ல. ரெண்டு மாசமா புகை பாட்டுக்குப் புகைஞ்சுக்கிட்டே இருக்கு. பக்கத்துல மிங்மா செரிங் ஃபிளாஸ்க்கைத் திறக்கிறான். இவன்தான் ஊர்க் கமிட்டித் தலைவர். "டீ, தமயந்தி மேடம்?" இது காலையிலேருந்து நாலாவது டீ. எதுக்கு இவ்வளவு டீ? நம்ம ஊர்ல ஒருத்தன் காரணமில்லாம நாலு டீ வாங்கிக் குடுத்தா நாம என்ன நினைப்போம்? எதுக்கெடுத்தாலும் "ஹுஞ்ச, ஹுஞ்ச", சரி சரின்னு தலையாட்டுறது வேற. மாட்டேன்னு ஒரு வார்த்தை வாயில வராது, சொன்னதும் நடக்காது. நான் நேபாளி பாதி இந்தி பாதி கலந்து பேசறதை அவ்வளவு பொறுமையா கேக்குறவனை நம்பலாமா? டீயை வாங்கிக்கிட்டேன். குளிருக்கு நல்லாத்தான் இருக்கு, அது வேற விஷயம்.

இன்னைக்கும் வரலேன்னா அந்த ரெண்டு வீட்டு நம்பரையும் பட்டியல்லேருந்து எடுத்துடலாம்னு ஆபீஸுக்கு எழுதிட்டேன். அவங்களும் சரின்னுட்டாங்க. மதிக்காத ஆளுக்கு எதுக்கு ஃபோன், கீழ் ஊர்ல கேட்டுக்கிட்டு நிக்கிறாங்க, அவங்களுக்குக் குடுப்போம். கொடூரம்னு தோணுதா? எனக்கும் ராத்திரி படுக்கும்போது தோணிச்சு. ஆனா மூணு வாரத்துக்கு முன்னாடி என்ன ஆச்சு? பட்டப்பகல், மதியம் ஒண்ணே கால். மேலே ஒரு பனிப்பாளம் பேத்துக்கிட்டு ஏரியில விழுந்து, தண்ணி கரை மேல ஏறி வழிஞ்சு, ஆறு ஆளுயரத்துக்கு வந்துச்சு. பெரிசா ஒண்ணுமில்ல, ஏரி உடையல, வழிஞ்சதுதான். சைரன் அடிச்சது, மெஷின் எல்லாரையும் கூப்பிட்டது, திரையில பச்சையா காட்டிச்சு, முப்பத்தேழுக்கு முப்பத்தேழு போய்ச் சேர்ந்தது. ஊரே மேட்டுக்கு வந்துருச்சு. அந்தப் பக்கத்துக் கிழவர் மட்டும், கியால்சன்னு பேரு, சாப்பிட்டுட்டு மாட்டுக் கொட்டகையில படுத்துத் தூங்கிக்கிட்டு இருந்தாராம். மருமக ஃபோனை வீட்லயே வச்சுட்டுக் குழந்தையோட சந்தைக்குப் போயிருந்தாளாம். கொட்டகைச் சுவர் அப்படியே கால் மேல. ரெண்டு நாள் மேகம் விலகல, மூணாவது நாள் ஹெலிகாப்டர் வந்துதான் காத்மாண்டுவுக்குத் தூக்கிட்டுப் போச்சு. முழங்காலுக்குக் கீழே எடுத்துட்டாங்க. நான் அறிக்கையில எழுதினேன், "எச்சரிக்கை கிடைத்தும் வெளியேறவில்லை". அந்த வரியை நானே நாலு தடவை படிச்சுப் பாத்தேன். பொய்யா எழுதினேன்? முப்பத்தேழுக்கு முப்பத்தேழு. மனுஷன் பொய் சொல்லுவான், மெஷினுக்கு என்ன வேண்டுதல், பொய் சொல்ல? ஊர்லயும் அதையே படிச்சுக் காட்டினேன், மிங்மா அவங்க பாஷையில சொன்னான். எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. நல்லா உறைக்கட்டும்னு நினைச்சேன், சத்தியமா அப்படித்தான் நினைச்சேன்.

யாரையும் நம்பக்கூடாதுன்னு இந்த வேலையே எனக்குக் கத்துக் குடுத்திருக்கு. இங்கே வர்றதுக்கு முன்னாடியே, ஜனவரியில காத்மாண்டு ஹோட்டல் ரூம்ல ஹீட்டர் பக்கத்துல உக்காந்து கமிட்டி அனுப்பின நம்பர் பட்டியலை மெஷின்ல ஏத்தும்போதே கண்டுபிடிச்சேனே. கடைசிப் பக்கத்துல ஒரே பேர் மூணு தடவை. அச்சு அசலா அதே பேர், நம்பர் மட்டும் வேற வேற. எனக்கேவா காது குத்துறீங்க? ஒரே ஆளு பேர்ல மூணு ஃபோன் வாங்கி ரெண்டை எவனாவது அமுக்கப் பாக்குறானா? மெஷினே கேட்டுச்சு, ஒரே பேர் திரும்ப வருது, ஒண்ணை வச்சுக்கிட்டு மத்ததை நீக்கவான்னு. நீக்குன்னு ஒரு தட்டு தட்டினேன். யாருகிட்டயும் மூச்சு விடல. மிங்மாகிட்டச் சொன்னா சுதாரிச்சுக்குவான். பாத்துக்கிட்டே இருப்போம், அந்த ரெண்டு ஃபோன் யார் பையிலேருந்து வெளியே வருதுன்னு. அஞ்சு மாசமா கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாக்குறேன், ஆள் இன்னும் மாட்டல. மாட்டாம போகமாட்டான்.

சைரன். அம்மாடி, எத்தனை தடவை கேட்டாலும் பழகல. கீழே கதவெல்லாம் திறக்குது. கூடையை முதுகுல போட்டு வாரை நெத்தியில மாட்டிக்கிட்டுப் பொம்பளைங்க முதல்ல கிளம்பிட்டாங்க, எப்பவும் அவங்கதான் முதல்ல. ஒருத்தர் தையல் மெஷினைத் தூக்கிக்கிட்டு வர்றார், போன தடவையும் இதேதான், சாமான் வேணாம் உசிருதான் வேணும்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியாச்சு. ஹுஞ்ச ஹுஞ்சன்னுதான் அன்னைக்கும் தலையாட்டினார். அப்புறம் அந்தச் சுவர். பாதை நடுவுல மந்திரம் செதுக்கின கல்லா அடுக்கி நீளமா ஒரு சுவர் இருக்கு, அதுக்கு இடது பக்கமாத்தான் போகணும். வலது பக்கம் நேரா படிக்கட்டு மாதிரி வழி, ஆனா ஒரு ஜீவன் அதுல கால் வைக்காது. வெள்ளம் துரத்தும்போதும் இடது பக்கம் சுத்திக்கிட்டுத்தான் ஓடுவாங்களாம். நாலு நிமிஷம் வீண், நானே ஸ்டாப்வாட்ச் வச்சு அளந்திருக்கேன். கத்திப் பாத்தேன், கெஞ்சிப் பாத்தேன், கடைசியில தோத்துப்போய் இடது பக்கத்துல படி வெட்ட வச்சேன். இப்போ ஒன்றரை நிமிஷந்தான். அதுக்கு அந்தத் தையல் மெஷின்காரர் எனக்கு ஒரு வெள்ளைப் பட்டுத் துண்டு போட்டார். எதுக்குப் போட்டார்? நான் நல்லது பண்ணேன்னா, இல்ல கடைசியில என்னை வழிக்குக் கொண்டுவந்துட்டோம்னா? ஊர்ல கூப்பிடற பேரை வச்சு நான் கையால எழுதின வீட்டுப் பட்டியல்ல வந்தவங்களை டிக் பண்றேன். லக்பா டோமா, லக்பா நோர்பு, நீமா யாங்ஜி. எல்லாம் கிழமைப் பேரு. புதன்கிழமை பொறந்தா லக்பா, ஞாயித்துக்கிழமைன்னா நீமா, ஆம்பளையோ பொம்பளையோ அதே பேருதான். பின்னாடி ஒரு பேரு ஒட்டிக்குவாங்க, ஊர்ல கூப்பிடறது அந்தப் பின்னாடிப் பேரைத்தான். வந்த புதுசுல இதைக் கேட்டு ரசிச்சிருக்கேன், சின்ன மாமாவுக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன், அவர் சிரிச்சு, "அப்போ நம்ம வீட்ல பாதி பேர் சனியன்தான்"னார். எல்லாரும் வந்தாச்சு. பதினொரு நிமிஷம். நல்ல நேரம். அந்த ரெண்டு வீட்டுக்கு நேரா கோடு காலியா இருக்கு.

புகை போய்க்கிட்டேதான் இருக்கு. நீலமா, நிதானமா, என்னவோ பொங்கல் வைக்கிற மாதிரி. எனக்குக் கோபம் வருது. கோபம்னு சொல்றேன், ஆனா அது கோபம் மட்டும் இல்ல, எனக்குத் தெரியாதா. தாம்பரத்துல நாங்க இருந்த தெருவுல, அந்த வருஷ மழையில, எதிர்வீட்டு நளினி எனக்கு ஒரு மெசேஜ் போட்டா, ஏரித் தண்ணி வருது, அப்பாவைக் கூட்டிக்கிட்டுக் கிளம்புன்னு. நான் என்ன பண்ணேன்? வதந்தி, சும்மா பீதியைக் கிளப்புறாங்கன்னு அதை அழிச்சுட்டு உளுந்து ஊறப் போட்டேன். அப்பா ரெண்டு நாள் மொட்டை மாடியில தார்ப்பாய்க்கு அடியில கிடந்தார். தண்ணி வடிஞ்சுது, சளி வடியல, பொங்கலுக்கு அவர் இல்ல. ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லாம போனார், அதான் தாங்க முடியல. அதுக்கப்புறந்தான் இந்த வேலைக்கு வந்தேன். எச்சரிக்கை கையில வந்தும் உக்காந்திருக்கிற ஆளைப் பாத்தா எனக்குப் பத்திக்கிட்டு வருது. அந்தக் கிழவர் மேல எனக்கு இவ்வளவு ஆத்திரம் ஏன்னு யாராவது கேட்டிருந்தா, பதில் சொல்லியிருக்க மாட்டேன், எழுந்து போயிருப்பேன். மிங்மா கிட்டே வந்து, "மேடம், அந்தப் பக்கம் நான் ஒரு தடவை போய்ப் பேசிட்டு வரட்டுமா"ன்னு மெதுவா கேக்குறான். ஏன் நீ? ஏன் நீ மட்டும் போகணும்? நான் போறதுக்குள்ள ஏதாவது சொல்லிக் குடுக்கவா? "வேணாம், நானே போறேன்"னேன். அவன் முகத்துல ஒண்ணும் தெரியல. இந்த ஊர்க்காரங்க முகத்துல எதுவுமே தெரியாது, அதான் எனக்குப் பெரிய தலைவலி.

இறங்குறேன். மூட்டு வலிக்குது, மூச்சு வாங்குது, நாலாயிரம் மீட்டர்ல இறங்கினாலும் வாங்குது. சுவர்கிட்ட வந்ததும் கால் தானா எந்தப் பக்கம் போகலாம்னு தயங்குது. எனக்கு என்ன வந்துச்சு. ஆறு பக்கத்துல வரவர சத்தம் கூடுது, சாம்பல் கலர் தண்ணி, கழனித் தண்ணி மாதிரி. இது ஜூன், ஏரி விளிம்பு வரைக்கும் நிக்குது, நேத்து அளந்த கம்பியில ஒரு சாண் கூட மிச்சம் இல்ல. இந்த மாசத்துக்குள்ள இன்னொரு தடவை வழிஞ்சா இந்த ரெண்டு வீடு இருக்காது, அதை எப்படிப் புரிய வைக்கிறது? என்ன கேக்கணும்னு மனசுக்குள்ள ஓட்டிப் பாக்குறேன். ஃபோனை அணைச்சு வச்சிருக்கீங்களா? பாட்டுக் கேட்டே பேட்டரியைத் தீத்துட்டீங்களா? இல்ல வித்துத் தின்னுட்டீங்களா? எது சொன்னாலும் நம்பக்கூடாது, காட்டச் சொல்லணும். பாறையைத் திரும்பினேன். கிழவர் வீட்டுக் கொட்டகைச் சுவர் பாதி புதுசா எழும்பியிருக்கு. இன்னொரு வீட்டு வாசல்ல டிக்கி நிக்கிறா, கிழவரோட மருமக. புருஷன் மலையேறுறவங்களோட போயிருக்கான், வர ஆவணி ஆகும். முதுகுல குழந்தை. குழந்தை முதுகுல இருக்கிறது சகஜந்தான், ஆனா அவ கால்ல ஷூ லேஸ் கட்டியிருக்கா. வாசப்படியில கூடை, கம்பளி சுத்தி, பாத்திரம் கட்டி, மேல ஒரு பை மாவு. வார் நெத்திக்கு ரெடியா மேல கிடக்கு. ஓஹோ, நான் வர்றதைப் பாத்துட்டு இப்போதான் நாடகமா? கயித்துல கைவச்சுப் பாத்தேன். முடிச்சு இறுகிப்போயிருக்கு, மேல அடுப்புச் சாம்பல் தூசி படிஞ்சிருக்கு. இன்னைக்குக் கட்டினது இல்ல.

"ஏன் வரல?"ன்னு கேட்டேன், நான் நினைச்சதைவிடச் சத்தமா. அவ என்னையே பாத்தா. "ஃபோன் அடிக்கலையே, தீதி." தீதின்னா அக்கா, மேடம்னு ஒருநாளும் கூப்பிட்டதில்ல. "நீங்கதானே சொன்னீங்க, ஃபோன் அடிச்சதும் கிளம்பணும், சும்மா வதந்தி கேட்டு ஓடக்கூடாதுன்னு. அதான் காத்துக்கிட்டு இருக்கோம். போன மாசமும் காத்துக்கிட்டுத்தான் இருந்தோம்." எடுத்து நீட்டினா. பிளாஸ்டிக் கவருக்குள்ள ஃபோன், சார்ஜ் முழுசா இருக்கு, சத்தம் முழுசா வச்சிருக்கு. என் கையிலிருந்து அதுக்குக் கூப்பிட்டேன். அலறிச்சு, குழந்தை முழிச்சுக்கிச்சு. அப்போ மெஷின் ஏன் கூப்பிடல? பட்டியலைத் திறந்து டிக்கின்னு தேடினேன், இல்ல. கியால்சன், இல்ல. "அடையாளக் கார்டுல உன் பேர் என்னன்னு இருக்கு?" ஏன் கேக்குறேன்னு எனக்கே தெரியல. "பாசாங் ஷெர்பா"ன்னா. "உங்க மாமனாரு?" "அவரும் வெள்ளிக்கிழமைதான் தீதி. அவரும் பாசாங்தான். பாலத்துக்கிட்ட லாட்ஜ் வச்சிருக்காரே, அவரும் பாசாங். மத்தவங்க கார்டுல பின்னாடிப் பேரும் இருக்கு, எங்க மூணு பேர் கார்டுல மட்டும் விட்டுப்போச்சு. தலைவர் கார்டைப் பாத்துத்தான் எழுதிக்கிட்டார்." சொல்லிட்டு லேசா சிரிச்சா, இதுகூடத் தெரியாதான்னு.

பாசாங் ஷெர்பா. பாசாங் ஷெர்பா. பாசாங் ஷெர்பா. ஹீட்டர் பக்கத்துல உக்காந்து, கால்மேல கால் போட்டுக்கிட்டு, எனக்கேவான்னு நினைச்சுக்கிட்டு, ஒரு தட்டு. ஐயோ. லாட்ஜ்காரரை வச்சுக்கிட்டேன், அவருக்குச் சைரனே காதைக் கிழிக்கும். இந்த ரெண்டு பேரைத் தூக்கிட்டேன். முப்பத்தேழுக்கு முப்பத்தேழு. மெஷின் பொய் சொல்லல, அதுக்கு நான் குடுத்த முப்பத்தேழைத்தான் அது கூப்பிட்டுச்சு. கிழமைப் பேருன்னு மாமாகிட்டச் சொல்லிச் சிரிச்சேனே, அன்னைக்காவது உறைச்சிருக்கக் கூடாதா? உறைச்சிருக்குமா? என் மண்டையில ஒரு அறையில திருடன் பட்டியல், இன்னொரு அறையில வேடிக்கைக் கதை, நடுவுல கதவே வைக்கலையே நான். ஒரு தடவை மிங்மாகிட்டக் கேட்டிருந்தா. ஒரே ஒரு தடவை, இது யாருப்பா மூணு பாசாங்னு. கேட்டிருந்தா ஒரு டீ குடிக்கிற நேரத்துல முடிஞ்சிருக்கும். அவரை மாட்ட வைக்கக் காத்துக்கிட்டு இருந்தேன். இப்போ யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டுந்தான் தெரியும். இப்பவே ரெண்டு நம்பரையும் ஏத்திட்டு, சிக்னல் கோளாறுன்னு சொல்லிட்டா? மலையில சிக்னல் கோளாறுன்னா யார் சந்தேகப்படுவாங்க? உண்மையைச் சொன்னா இனிமே சைரன் அடிச்சாலும் நம்புவாங்களா? ஊர் நல்லதுக்காகவே சொல்லாம இருக்கலாமே. பாரு, எவ்வளவு வேகமா வருது பொய், எவ்வளவு நல்ல சட்டை போட்டுக்கிட்டு வருது. டிக்கி கேட்டா, "கோளாறா தீதி?" நான் உக்காந்துட்டேன், அந்தப் புதுச் சுவர் மேலேயே. "இல்ல. நான்தான் அழிச்சேன். ஒரே ஆளு மூணு ஃபோன் வாங்கிட்டான்னு சந்தேகப்பட்டு உன் பேரையும் மாமனார் பேரையும் அழிச்சுட்டேன். ஃபோன் அன்னைக்கும் அடிச்சிருக்காது."

அவ கத்தல. கத்தியிருந்தா தேவலை. குழந்தையை முன்னாடி எடுத்துக்கிட்டு ஆத்துப் பக்கம் திரும்பிக்கிட்டா. நான் ரெண்டு நம்பரையும் ஏத்தினேன், மெஷினை விட்டு அவ நம்பரை மட்டும் கூப்பிட வச்சேன், அவ கையில ஃபோன் அடிச்சது. எடுத்துக் காதுல வச்சா, உள்ளே அந்தப் பதிவுக் குரல் மேட்டுக்குப் போங்க, மேட்டுக்குப் போங்கன்னு சொல்லுது, முழுசும் கேட்டுட்டு வச்சா. அப்புறந்தான் சொன்னா, "மாமனார்கிட்டச் சொல்லுங்க. ஆஸ்பத்திரியில சோறு இறங்கல அவருக்கு. ஃபோன் அடிச்சும் தூங்கிட்டேன், ஊர் முன்னாடி மானம் போச்சுன்னு அதையே சொல்லிக்கிட்டுக் கிடக்கார்." சொல்லிட்டு அவளே நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரைத் தட்டி, என் கையில குடுத்தா. மணி அடிக்குது. எடுக்கக்கூடாதுன்னு ஒரு மனசு வேண்டிக்குது, வெக்கமில்லாம. எடுத்துட்டார். பின்னாடி ஆஸ்பத்திரிச் சத்தம், தட்டு உருள்ற சத்தம். பேரைச் சொன்னேன், உடனே குரல் மாறி, எழுந்து உக்கார்றார் போல, கட்டில் முனகுது. "பெரியவரே, நான் சொல்றதைக் கேளுங்க. அன்னைக்கு உங்க ஃபோன் அடிக்கவே இல்ல. தப்பு என்னோடது. உங்க பேரை நான்தான் பட்டியல்லேருந்து எடுத்துட்டேன். நீங்க தூங்கினதுல ஒண்ணுமே இல்ல." டிக்கி அவங்க பாஷையில அதையே மறுபடி சொன்னா, சத்தமா. அப்புறம் அவர் பேசினார், மெதுவா, என்னைச் சமாதானப்படுத்துற மாதிரி. "அடிச்சிருக்கும்மா. நீங்க அவ்வளவு தூரத்துலேருந்து வந்து வச்சது அடிக்காம இருக்குமா? எனக்கே லேசா கேட்ட மாதிரி இருக்கு. நான்தான் தூங்கிட்டேன். இனிமே பகல்ல படுக்கவே மாட்டேன், சத்தியம். வீட்டுக்கு வந்ததும் எப்படியாவது அந்த மேட்டுக்கு ஏறிடுவேன், கோல் ஊனிக்கிட்டாவது ஏறிடுவேன். என் பேரை மட்டும் எடுத்துடாதீங்கம்மா." நான் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, மறுபடியும் முதல்லேருந்து சொல்ல ஆரம்பிச்சேன்.